மெய்யும் மனமும்: சில நோய்களின் வேறுபாடு

தமிழில் ‘மெய்’ என்னும் சொல் உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். மனத்தின்கண் நிகழும் நகையும் அழுகையும் அச்சமும் வெகுளியும் பிறர்க்குப் புலனாவது மெய்யின் வழியாகவே. ஆதலின், அவற்றை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, எட்டென வகுத்து, அவற்றிற்கென ஓர் இயலையும் தம் நூலில் அமைத்தார் தொல்காப்பியனார். உள்ளம் வாய் திறவாதபோது உடல் பேசும் என்பது நம் நாட்டார்க்குப் புதிய செய்தியன்று.

ஆயின், உடல் பேசும் மொழியை எல்லாரும் பிழையின்றி உணர்ந்துவிடுவதில்லை. சங்கத்து அகப்பாடல்களைப் பயின்றோர் வெறியாட்டினை நன்கறிவர். தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியிற் பசலை பூக்கிறது, தோள் மெலிகிறது, வளை கழல்கிறது. நோய் இன்னதென அறியாத அன்னை, அது முருகனால் வந்த வருத்தமெனக் கருதி வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு பார்த்து, களம் அமைத்து, வெறியாடுகிறான். நோயோ தணிவதில்லை. மேனியிற் கண்ட குறி மெய்யானது. அதற்குக் கூறிய காரணமே பிழையானது. தோழி உண்மையை எடுத்துரைத்து அறத்தொடு நின்ற பின்னரே நோய்க்கு வழி பிறக்கிறது.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகளை நாம் கருதவேண்டும். அன்னையின் அன்பிற் குறையில்லை. வேறுபாடறியும் அறிவிலேயே குறை நேர்ந்தது என்பது ஒன்று. காரணத்தைப் பிழைபட உணர்ந்த அவ்வன்னையும் ‘மகள் நடிக்கிறாள்’ என்று ஒருபோதும் சொல்லவில்லை என்பது மற்றொன்று. இக்காலத்து நாமோ, பரிசோதனையில் ஒன்றும் தென்படவில்லையென்று மருத்துவர் சொன்ன மாத்திரத்தே, ‘எல்லாம் மனப்பிரமை’ என்றும் ‘வெறும் நடிப்பு’ என்றும் எளிதாகக் கூறிவிடுகிறோம். அது தவறு. மனத்தொடு தொடர்புடைய வலியும் வலியே. அது எவ்வகை நோயினின்றும் எழுகின்றது என்று பகுத்தறிதல், துன்புறுவோரை ஐயுறுதற்கன்று. அவர்க்குரிய உதவியைக் காண்டற்கேயாம். இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருளை ஆராய்தற்கு ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் சூழ்ந்த தொழிற்பகுதியை நாம் களமாகக் கொள்வோம். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஸ்ரீபெரும்புதூர். இராமாநுசர் தோன்றிய ஊர் என்ற பெருமை அதற்கு உண்டு. ஏரியும் வயலுமாக இருந்த இப்பகுதியில், 1998-ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்க் கார் உற்பத்தி தொடங்கியது முதலாக, ஒரகடம், வல்லம் வடகால் என ஊர்தோறும் சிப்காட் தொழிற்பூங்காக்கள் எழுந்தன. கார், கண்ணாடி, மோட்டார் சைக்கிள், கைபேசி முதலியன இங்கே ஆக்கப்படுகின்றன. கைபேசித் தொழிலில் உழைப்போருட் பெரும்பாலார் பிற மாவட்டங்களினின்றும் வந்த இளம்பெண்கள். வல்லம் வடகாலில் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் திறக்கப்பட்ட விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பேர் தங்க இடமுண்டு. அவருட் பலர் நம்மை ஒத்த வயதினர். நம் உடன்பிறந்தாராகவோ, பள்ளியில் நம்மோடு ஒரு பலகையில் இருந்தவராகவோ இருத்தலும் கூடும்.

இவ்வூரில் இந்நோய்கள் மிகுதி என்று நாம் கூறவில்லை. இவை எவ்வூரிலும் உண்டு. நம் கல்லூரி விடுதியிலும் உண்டு. எனினும், தொழிற்சாலையில் உழைப்போர்க்கு உடலே முதல். அவ்வுடல் தளர்ந்தால் கூலி குறையும். வீட்டிற்கு அனுப்பும் பணம் குறையும். ஆகவே, உடலில் தோன்றும் சிறு மாற்றமும் பேரச்சத்தை விளைத்தல் இயல்பு. மேலும், ‘உடம்பு சரியில்லை’ என்றால் விடுப்புக் கிடைக்கும். ‘மனம் சரியில்லை’ என்றால் கிடைப்பது அரிது. அன்றியும், மனம் நொந்த ஒருவர் அதனைச் சொல்ல நாணி, ‘நெஞ்சு படபடக்கிறது’, ‘கைகால் எரிகிறது’, ‘உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது’ என்றே உரைத்தல் நம் நாட்டு வழக்கம். இங்ஙனம் மனத்துயர் உடலின் குரலை இரவல் வாங்கிப் பேசுகிறது.

நோய்களைப் பகுக்கப் புகுமுன் ஒரு விதியை நாம் உறுதியாகப் பற்றவேண்டும். முதற்கண் உடலையும் சூழலையும் ஆராய்க; அதன் பின்னரே மனத்தை ஆராய்க என்பதே அவ்விதி. நாளெல்லாம் நின்று உழைப்பார்க்கு முதுகும் காலும் வலித்தல் இயற்கை. ஒரே அசைவினைப் பன்னூறு முறை செய்யும் மணிக்கட்டு வீங்கும். இரத்தச்சோகையாற் களைப்பும் மயக்கமும் உண்டாகும். தைராய்டுச் சுரப்பி மிகுந்து சுரந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். முறைமாற்று வேலையால் உறக்கம் கெட்டுத் தலை வலிக்கும். இவற்றையெல்லாம் ஆராயாது ‘மனநோய்’ என முத்திரையிடுதல், வேலனை அழைத்த அன்னையின் பிழையை மறுதலையாகச் செய்வதேயாம்.

இவ்விதியின் இன்றியமையாமையை 2021-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி நன்கு காட்டும். ஸ்ரீபெரும்புதூர் அருகிலுள்ள கைபேசித் தொழிற்சாலை ஒன்றிற் பணியாற்றி, பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் தங்கியிருந்த பெண்களுட் பலர்க்கு உணவு நஞ்சாகி வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. நூற்றைம்பதின்மர்க்கு மேற்பட்டோர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். அவருட் சிலர் இறந்துவிட்டனர் என்றொரு வதந்தி பரவியது. டிசம்பர் 17-ஆம் நாள் இரவு தொடங்கி, தோழியரின் நிலையை அறிய விரும்பிய ஆயிரக்கணக்கான பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். இறந்தனர் என்ற செய்தி பொய்யாயிற்று. ஆயின் நோய் பொய்யன்று. விடுதிகளிலும் உணவுக்கூடங்களிலும் சில உரிய தரத்தில் இல்லை என்பதும் பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது. அப்பெண்களின் அச்சம் மனநோயா? அன்று. உண்மையான நோயும், உறுதியான செய்தி கிட்டாமையும் சேர்ந்தவிடத்து எழுந்த இயற்கையான அச்சம் அது. அச்சமுற்றோரையெல்லாம் நோயாளர் என்றல் ஆகாது. சூழலைத் திருத்தினால் நீங்கும் துன்பத்திற்குச் சூழலைத் திருத்துதலே மருந்து.

இனி, உடலையும் சூழலையும் ஆராய்ந்த பின்னரும் எஞ்சி நிற்கும் துன்பங்களைக் காண்போம். ஒரகடத்து விடுதி அறை ஒன்றில் சில பெண்கள் தங்கியிருப்பதாக எண்ணிக்கொள்வோம். இவர்கள் விளக்கத்தின் பொருட்டு நாம் கற்பித்துக்கொண்டவர்களேயன்றி, யாரையும் சுட்டுவாரல்லர். நோய்களுக்கு நாம் வழங்கும் தமிழ்ப் பெயர்களும் எளிமை கருதி இட்டனவே.

முதற் பெண்ணிற்கு எட்டுத் திங்களாக முதுகுவலி. தசைப்பிடிப்பு என்று மருத்துவர் சொன்னார். அதற்குரிய பயிற்சியும் கற்பித்தார். அவளுக்கோ மனம் அமையவில்லை. காலை எழுந்தது முதல் உறங்கும்வரை வலியைப் பற்றிய நினைவே. குனிந்தால் எலும்பு முறிந்துவிடும் என அஞ்சுகிறாள். ஐந்து மருத்துவமனைகள் ஏறி இறங்கிவிட்டாள். ஸ்கேன் எடுக்கக் கடனும் வாங்கினாள். இதனை உடற்குறித் துயர்நோய் என்போம். இங்கே ஊன்றிக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. முற்காலத்து மருத்துவ நூல்கள், காரணம் காணப்படாத வலியையே இவ்வகையிற் சேர்த்தன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட கைந்நூலின் ஐந்தாம் பதிப்போ அவ்வளவுகோலைக் கைவிட்டது. வலிக்கு உடற்காரணம் இருக்கலாம், இல்லாதிருக்கலாம். அவ்வலியைச் சூழ்ந்த எண்ணமும் கவலையும் அலைச்சலும் அளவிறந்து, பொதுவாக ஆறு திங்களுக்கு மேல் நீடித்து, வாழ்வைக் குலைக்கின்றனவா என்பதே இன்றைய அளவுகோல். ஆகவே, இந்நோயுடையார்க்கு ‘உனக்கு வலியே இல்லை’ என்று கூறுதல் அறிவுடைமையும் ஆகாது, அன்புடைமையும் ஆகாது.

இரண்டாம் பெண்ணிற்கு வலி என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஊரில் அவள் அத்தை புற்றுநோயால் இறந்தார். அது முதல், தனக்கும் அந்நோய் உண்டு என்ற எண்ணம் அவளை விடவில்லை. இரவுதோறும் உடலைத் தடவிக் கட்டி உண்டோவெனத் தேடுகிறாள்; கைபேசியில் நோய்க்குறிகளைப் படித்துப் படித்து நடுங்குகிறாள். ‘ஒன்றுமில்லை’ என்ற மருத்துவர் சொல் இரண்டு நாள் ஆறுதல் தருகிறது. மூன்றாம் நாள் ஐயம் மீண்டும் முளைக்கிறது. இது நோயச்ச நோய். முன்னவளை வருத்துவது உடலில் உணரும் குறி. இவளை வருத்துவது, வரக்கூடும் அல்லது வந்துவிட்டது என்று எண்ணும் நோய். இந்நோயுடையார் இரு திறத்தினர். ஒரு சாரார் மருத்துவரை நாடிக்கொண்டே இருப்பர். மற்றொரு சாரார், கேட்கக்கூடாததைக் கேட்க நேருமோவென அஞ்சி மருத்துவமனைப் பக்கமே செல்லார். பின்னவரை நாம் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

இந்நோயச்சத்திற்கு மேனாட்டார் இட்ட பழம்பெயர் ஹைப்போகாண்ட்ரியா என்பது. விலாவெலும்பின் குருத்திற்குக் கீழுள்ள இடம் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். இத்துயர் அவ்விடத்து உறுப்புகளிற் பிறப்பதெனப் பண்டையோர் கருதினர். பிரெஞ்சு நாடகப் புலவராகிய மோலியேர், இத்தகையோரை எள்ளிக் ‘கற்பனை நோயாளி’ என்னும் பொருள்படப் பெயரிட்டு ஒரு நாடகம் எழுதி, 1673-ஆம் ஆண்டு தாமே அந்நோயாளி வேடம் பூண்டு நடித்தார். நான்காம் நாள் ஆட்டத்தில் மேடையிலேயே உடல் துவண்டு, அன்றிரவே உயிர் நீத்தார். நோயில்லாதவனாக அரங்கில் நகைப்பிற்கு இடமாயினவர், உண்மையில் நெடுநாள் நோயுற்றவர். அச்சம் மிக்கோர்க்கு நோய் வாராது என்பதில்லை. ஆகையால், நோயச்சமுடையார் புதிதாக ஒரு குறியைச் சொல்லும்போது ஒரு முறையேனும் செவ்வனே பரிசோதித்தல் மருத்துவரின் கடன்.

மூன்றாம் பெண் ஒரு நாள் இரவு வேலை முடிந்து எழுந்தபோது வலக்கால் அசையவில்லை. மூளையையும் தண்டுவடத்தையும் படமெடுத்துப் பார்த்ததில் பழுதொன்றும் காணப்படவில்லை. உடனுறைவோர் ‘நடிக்கிறாள்’ என்றனர். அவள் நடிக்கவில்லை. இது செயற்பாட்டு நரம்புக் கோளாறு. முற்காலத்தில் ஹிஸ்டீரியா என்ற பெயரால் இகழப்பட்டது. நரம்பு அறுபடவில்லை, ஆயின் மூளை விடுக்கும் ஆணை காலை உரியவாறு சென்றடையவில்லை. இசைக்கருவி முறியவில்லை, சுருதி கலைந்தது என்று உவமை கூறலாம். இந்நோயை, ‘வேறொன்றும் காணப்படவில்லை’ என்ற காரணத்தால் மட்டும் துணிதல் கூடாது. அதற்கெனத் தனிக்குறிகள் உண்டு. ஹூவர் என்னும் அமெரிக்க மருத்துவர் 1908-ஆம் ஆண்டு விளக்கிய சோதனை அவற்றுள் ஒன்று. தளர்ந்த காலைப் படுக்கையில் ஊன்றி அழுத்துக என்றால் அது வலுவின்றிக் கிடக்கும். நல்ல காலைத் தடைக்கு எதிராக உயர்த்துக என்றாலோ, தளர்ந்த கால் தன்னையறியாமலே வலுவுடன் கீழே அழுத்தும். வழி முற்றும் அடைபடவில்லை என்பதற்கு இது சான்று. நோயாளிக்கும் இதனைக் காட்டி நம்பிக்கையூட்டலாம். சிலர்க்கு வலிப்பை ஒத்த ஆட்டமும், சிலர்க்குப் பேச்சிழப்பும் இவ்வகையிற் கண்டுவிடும். துணிய வேண்டியவர் நரம்பியல் மருத்துவரேயன்றி நாமல்லோம்.

நான்காம் பெண்ணிற்கு வலியுமில்லை, நோயச்சமுமில்லை. தன் மூக்கு கோணலென்பதே அவள் துயர். பிறர் கண்ணுக்கு அக்கோணல் புலப்படுவதில்லை. வேலைக்கு ஏற்றிச்செல்லும் பேருந்து விடியுமுன் வந்து நிற்க, அவளோ கண்ணாடி முன் ஒரு மணி நேரமாக நின்று பேருந்தைத் தவறவிடுகிறாள். துப்பட்டாவால் முகத்தை மூடியே நடக்கிறாள். ‘என் மூக்கு எப்படி இருக்கிறது’ என்று அறைத்தோழியரை நாளும் வினவுகிறாள். இது உருவக்குறை நோய். இத்தாலிய மருத்துவர் மோர்செல்லி என்பார் 1891-ஆம் ஆண்டிலேயே இதற்குப் பெயரிட்டனர். இது பெரும்பாலும் இளமையில், பதின்ம வயதிற் தொடங்குவது. பெண்களுக்கே உரியதும் அன்று. திரண்ட தோளுடைய இளைஞன் ஒருவன் தன்னை மெலிந்தவனெனக் கருதி, உடற்பயிற்சிக் கூடமே கதியெனக் கிடந்து, தகாத மருந்துகளை ஊசியாற் செலுத்திக்கொள்வதும் இந்நோயின் ஒரு வகையே. மூக்கை அறுவை செய்து திருத்தினும் இவர்க்கு அமைதி பிறப்பது அரிது. கவலை வேறோர் உறுப்பிற்குத் தாவும். இதனை வீண் அழகாசை எனக் கருதி நகைத்தல் பெருந்தீங்கு. ஏனெனில், இந்நோயுடையாரிடத்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் மிகுதியாகக் காணப்படுகிறது.

ஐந்தாம் பெண் எலும்பும் தோலுமாக மெலிந்திருந்தும் ‘நான் பருத்திருக்கிறேன்’ என்று உணவை ஒதுக்குகிறாள். இவளுக்கும் உருவம் பற்றிய கவலையே எனினும், இது வேறு நோய். உண்ணா நோய் எனலாம். 1873-ஆம் ஆண்டில் குல் என்னும் ஆங்கில மருத்துவர் இதற்கு அனோரெக்ஸியா என்னும் தொடர்பட்ட பெயரிட்டார். உருவக்குறை நோயிற் கவலை ஓர் உறுப்பையோ ஒரு வடுவையோ பற்றியது. இதிற் கவலை எடையையும் பருமனையும் பற்றியது. பட்டினியால் இதயம் பழுதுபடக்கூடும்; ஆகவே இதற்கு உடல் மருத்துவமும் உடனே வேண்டும்.

இவ்வைவரையும் ஒருங்கே வைத்து நோக்கின், வேறுபாட்டை நான்கு வினாக்களால் அறியலாம். உடலில் உணரப்படும் வலி முதலியவற்றால் மனம் அலைகிறதா? உணர்வு சிறிதாயினும் இல்லையாயினும், பெருநோய் பற்றிய அச்சத்தால் அலைகிறதா? ஓர் உறுப்போ புலனோ தன் செயலை இழந்ததா? உடலின் தோற்றமே துயராயிற்றா? முதல் வினாவிற்கு ‘ஆம்’ எனின் உடற்குறித் துயர்நோயையும், இரண்டாவதற்கு நோயச்சத்தையும், மூன்றாவதற்குச் செயற்பாட்டு நரம்புக் கோளாற்றையும், நான்காவதற்கு உருவக்குறை நோயையோ உண்ணா நோயையோ எண்ணுதல் தகும். ஒருவரிடத்தே இரண்டு சேர்ந்திருத்தலும் உண்டு. இப்பகுப்பும் என்றும் மாறாததன்று. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022-ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த பதினொன்றாம் நோய்ப்பட்டியல், நோயச்சத்தையும் உருவக்குறை நோயையும், ஓயாது கைகழுவுதல் போன்ற எண்ணச்சுழற்சி நோயோடு ஓரினமாக வைத்துள்ளது. திரும்பத் திரும்ப எழும் எண்ணமும், திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் செயலும் மூன்றற்கும் பொதுவாதலே காரணம்.

இவற்றின் அண்டையிலுள்ள வேறு சிலவற்றையும் அறிதல் வேண்டும். மனச்சோர்வு நோயுற்றோர் பலர், ‘துயரமாயிருக்கிறது’ என்னாமல் ‘உடம்பு வலிக்கிறது, பசியில்லை, உறக்கமில்லை’ என்பர். சோர்வு நீங்கின் வலியும் நீங்கும். திகில் நோயில் நெஞ்சு படபடத்து, மூச்சுத் திணறி, இப்பொழுதே இறந்துவிடுவோம் என்ற அச்சம் சில நிமிடங்களில் உச்சம் அடைந்து தணியும். ஆயினும் முதன்முறை நெஞ்சுவலி கண்டோரை மாரடைப்பாகக் கருதி உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதலே முறை. இளைஞரிடையே தாது நஷ்டம் என்ற அச்சம் ஒன்றுண்டு. விந்து வெளிப்படுதலால் உடல் நலிந்து அழியும் என்று நடுங்கி, களைப்பும் இடுப்புவலியும் உறுவர். இத்துயரை 1960-ஆம் ஆண்டில் மருத்துவ உலகிற்குப் பெயரிட்டு எடுத்துரைத்தவர் நம் நாட்டு மனநல மருத்துவர் விக் என்பார். விந்து வெளிப்படுதல் இயற்கை. அதனால் உடல் அழிவதில்லை. ஆயினும், இவ்வச்சத்தையே முதலாக்கி, ஊர்தோறும் விடுதி அறைகளில் தங்கி, இலேகியம் விற்று இளைஞரின் கூலியைக் கவர்ந்து செல்வோர் உளர். அறியாமை ஒருவனுக்கு நோயாக, மற்றொருவனுக்கு வாணிகமாகிறது.

தொழிற்கூடத்தில் ஒருவர் மயங்கிவிழ, அடுத்தடுத்துப் பலர் மயங்குதலும் உண்டு. 1970-களில் மலேசியாவின் மின்னணுத் தொழிற்சாலைகளில் மலாய்ப் பெண்கள் ஆவி பிடித்தாற்போலக் கூச்சலிட்டு மயங்கினர். அந்நிகழ்ச்சிகளை ஆராய்ந்த மானிடவியலறிஞர் ஐவா ஓங், 1987-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், கிராமத்தினின்று வந்து, கடுங்கண்காணிப்பின்கீழ் உழைத்த அப்பெண்களின் சொல்லொணாத் துயரும் எதிர்ப்புமே அவ்வடிவிற் புலப்பட்டன என விளக்கினார். ஆவியை ஓட்டுதலாலும் துயர் தீராது. ‘நடிப்பு’ என அதட்டுதலாலும் தீராது என்பது இதனாற் பெறப்படும்.

அங்ஙனமாயின், நோயை நடிப்பார் ஒருவருமிலரோ எனின், உளர். விடுப்பிற்காகவோ பணத்திற்காகவோ அறிந்தே நடிப்பது நோயன்று. வெளிப்பயன் ஒன்றுமின்றி, நோயாளி என்ற நிலையை வேண்டியே தம்மை நோயுற்றவராகக் காட்டிக்கொள்வதோ ஒரு மனநோய். இவையிரண்டிலும் அறிந்து செய்தல் உண்டு. மேற்கூறிய ஐவரிடத்தும் அஃதில்லை. சிலர் நடிப்பர் என்பதற்காக எல்லாரையும் ஐயுறுதல், கள்ளக்காசு உண்டென்பதற்காகக் கையிலுள்ள நல்ல காசையெல்லாம் வீதியில் எறிதலை ஒக்கும்.

இந்நோய்களுக்கு மருந்துண்டா? உண்டு. உடற்குறித் துயர்நோயுற்றார், மருத்துவர் பலரை மாற்றிக்கொண்டிராது, ஒருவரையே குறித்த இடைவெளியிற் கண்டு வருதல் நலம். தேவையற்ற பரிசோதனைகள் குறையும். எண்ணத்தையும் நடத்தையையும் திருத்தும் உரையாடற் சிகிச்சை இவ்வகை நோய்கள் பலவற்றிற்கும் பயனளிக்கிறது. நோயச்சத்திற்கும் உருவக்குறை நோய்க்கும், மனச்சோர்வு நீக்க வழங்கும் மருந்துகளுட் சில உதவுகின்றன. செயற்பாட்டு நரம்புக் கோளாற்றிற்கு அதற்கேற்ற இயன்முறைப் பயிற்சி சிறந்தது.

இவ்வுதவியை நாடுவது இழிவன்று. சட்டம் தந்த உரிமை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மருத்துவம் பெறும் உரிமையை ஒவ்வொருவர்க்கும் அளித்துள்ளது. ‘டெலி மானஸ்’ என்னும் அரசின் தொலைபேசிப் பணி 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கியது. 14416 என்ற எண்ணைச் சுழற்றினால் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனை 1794-ஆம் ஆண்டில் தோன்றிய நிலையத்தின் வழிவந்தது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையமோ, நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கி நோயின் இயல்பைக் கற்றுக்கொள்ளும் முறையைப் பல்லாண்டுகளாகப் போற்றி வருகிறது. நோய் ஒருவரது, அறிவோ குடும்பம் முழுமைக்கும் வேண்டும் என்பது அம்முறையின் கருத்து.

மாணவ நண்பர்க்கு ஓர் எச்சரிக்கை. இக்கட்டுரையைப் படித்தோர் தமக்கோ தம் அறைத்தோழர்க்கோ இவற்றுள் ஒன்று உண்டெனத் துணிந்துவிடுதல் வேண்டா. நோய்களைப் பற்றிப் படிக்கும் மாணவர், படிக்கும் நோயெல்லாம் தமக்கே உண்டெனக் கலங்குதல் நெடுநாளைய வழக்கு. துணிதல் மருத்துவரின் பணி. நம் பணி வேறு.

அஃதென்னை? மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவனார், நோயையும் அதன் முதலையும் தணிக்கும் வழியையும் முறையே நாடுக என்றதோடு அமையாது, மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகியவற்றோடு, உடனிருந்து உதவுபவனையும் ஒரு கூறாக எண்ணினார். அந்நான்காம் கூறே நமக்குரியது. தோழன் ஒருவன் வலிக்கிறதென்றால், ‘எங்கே, எவ்வளவு நாளாக?’ என்று கேட்போம். ‘ஒன்றுமில்லை’ என்று வாயடைக்காதிருப்போம். நோயச்சமுடையான் ஒரே வினாவை நூறு முறை வினவினால், நூறு முறையும் விடை கூறுதலால் அச்சம் வளருமேயன்றித் தணியாது என்பதை உணர்ந்து, சினவாது, அவன் மனத்தை வேறு பணியில் ஈடுபடுத்துவோம். உருவம் பற்றி வருந்துவோரிடம் அழகைப் பற்றி வழக்காடாது, அவர் படும் துயரைக் கேட்போம். சாவைப் பற்றிப் பேசுவோரைத் தனியே விடாது, அன்றே உரியவரிடம் அழைத்துச் செல்வோம். மருத்துவமனையின் வாயில்வரை உடன் நடப்போம்.

ஸ்ரீபெரும்புதூர் விடுதிகளில் உறையும் நம் சகோதரியர்க்கும், இக்கல்லூரி விடுதியில் நம்மோடு உறைவார்க்கும் வேண்டுவது இதுவே. குறி சொல்லும் வேலனாக நாம் ஆகவேண்டா. உண்மையை அறிந்து உரியார்க்கு எடுத்துரைத்து, அறத்தொடு நிற்கும் தோழியாவோம். மெய் உரைப்பதை மெய்யென நம்பித் தொடங்குவோமாயின், மனத்தின் நோயும் ஒரு நாள் தன் மொழியில் நம்மொடு பேசும்.